எடை குறைந்த மவுஸ்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் லேக் மார்க்கெட்டில் கத்தரிக்காயைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவேன். கடைக்காரனே சிரிப்பான். அதனால்தான் மகன் புது மவுஸ் வாங்கியதும், பழையதை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தேன். புதியது முட்டை ஓடு மாதிரி இருந்தது. வாலும் கிடையாது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று காதருகே ஆட்டிக்கூடப் பார்த்தேன். விலையோ ஒரு நல்ல மிக்சியின் விலை.

“எடை குறைஞ்சா விலையும் குறையணும்டா. இது என்ன தலைகீழா இருக்கு?”

“எடை இல்லாததுக்குத்தாம்மா விலையே,” என்றான்.

அவனுக்கு நரம்பு வியாதி. முதலில் கால் போயிற்று, இப்போது கை போய்க்கொண்டிருக்கிறது. துறைமுக ஆபீஸ் வேலையை விட்டாயிற்று. டாக்டர் மருந்து எழுதும்போது எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. மிச்சம் இருந்தது சாயங்கால விளையாட்டு ஒன்றுதான். வேறு வேறு ஊரில் இருக்கும் மூன்று பேரோடு கம்ப்யூட்டரில் சண்டை. இவன் சக்கர நாற்காலியில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். வீட்டுக்கு வருகிறவர்களோ தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது மாதிரி பேசுவார்கள். பழைய மவுஸை இழுக்க முடியாமல் போனதும் அந்தத் திட்டும் நின்றுவிட்டது.

மருமகள் வங்காளிப் பெண். தமிழை நன்றாகப் பிடித்துக்கொண்டாள், என் ரசத்தைத்தான் இன்னும் பிடிக்கவில்லை. “பத்து நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம், மா. கையே வராதப்போ இது எதுக்கு?” என்று சமையலறையில் கிசுகிசுத்தாள். பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருந்தாள்.

அதற்குள் இந்த வங்காள ஊரின் பூஜை வந்தது. தெருவெல்லாம் மேளம். நம் வழக்கப்படி சரஸ்வதி பூஜைக்கு அரிவாள்மனை, தையல் மெஷின், மருமகளின் ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். மவுஸை மட்டும் விடலாமா? மேலே வைத்தால் கையில் ஒட்டுமே என்று கவிழ்த்து அடியில் வைத்தேன். பொட்டுக்கென்றே செய்த மாதிரி அங்கே சின்னக் குழி ஒன்று இருந்தது.

மறுநாள் காலையில் அவன் மவுஸ் மேல் கையை வைத்தான். கை நகர்கிறதா இல்லையா என்று அவனுக்கே இப்போதெல்லாம் தெரிவதில்லை. திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். திரையில் அம்பு அசையவில்லை. தோளைச் சாய்த்துத் தள்ளினான். அசையவில்லை.

“கையும் போச்சும்மா,” என்றான். “திருப்பிக் குடுத்துடச் சொல்லு.”

மருமகள் பெட்டியோடு வந்தாள். உள்ளே வைக்குமுன் தானும் நகர்த்திப் பார்த்தாள். அம்பு நகரவில்லை. கவிழ்த்துப் பார்த்தாள்.

“ஏ கீ, மா! என்ன இது! அது கண்ணுல சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்களே! குருடாக்கிட்டா எப்படி நகரும்?”

முந்தானையால் துடைத்து அவன் கைக்கு அடியில் வைத்தாள். அம்பு நகர்ந்தது. கோணலாகத்தான், ஆனால் நகர்ந்தது.

“மவுஸுக்குக் கண்ணக் கட்டி பூஜை பண்ற ஆளு உலகத்துலயே நீங்கதான்!”

திட்டு வாங்கி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. கெட்டுப்போனது என் பொட்டால்தான், அவன் கையால் இல்லை!

அன்று சாயங்காலம் அந்த மூன்று பேரும் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். மருமகள் பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

“அடுத்த வருஷம் பொட்ட மேல வைம்மா.” விரல் எழவில்லை. முகவாயால் இடத்தைக் காட்டினான்.

“இதவிட லேசா ஒண்ணு கிடைக்குமாடா?”

“இல்லம்மா. இருக்கறதுலயே இதுதான் லேசு.”