விசிறி இல்லாத லேப்டாப்

என் பழைய லேப்டாப்பைக் கொன்றது நான்தான். பஞ்சு மில்லில் ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் செய்கிற வேலையைத்தான் அதற்கும் செய்தேன். தலையில், சட்டையில், காதுக்குள் ஒட்டிய பஞ்சைப் போக்க நாங்கள் துண்டைத் தேட மாட்டோம். மெஷினைச் சுத்தம் செய்யும் காற்றுக் குழாயைத் திறந்து மேலெல்லாம் ஊதிக்கொள்வோம். அன்றைக்கு லேப்டாப் சூடாகி இரைந்தது. திருப்பிப் பார்த்தால், விசிறி காற்றிழுக்கும் அடி ஓட்டை முழுவதும் பஞ்சு மெத்தை போல அடைத்திருந்தது. குழாயை வைத்து ஒரே ஊது. உள்ளே விசிறி வெறிபிடித்த மாதிரி ஒருமுறை சுற்றிக் கத்தியது. பிறகு சத்தமே இல்லை. விசிறி செத்ததை அறியாமல் மாலை வரை வேலை வாங்கினேன். மறுநாள் அது கண் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மில்லிலிருந்து போன் வந்தது. சேத்தூர் போகும் சாலையில் இருக்கிற மில் அது. நூல் நூற்கும் மெஷின் ஒன்று முதல் நாள் சாயங்காலமே நின்றுவிட்டது. அதை இயக்கும் பேனல் பெட்டியில் உள்ள எலெக்ட்ரானிக் கார்டுக்குப் புரோகிராமைத் திரும்ப ஏற்ற வேண்டும். அதுதான் என் தொழில். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சூரத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கி, லூதியானாவில் ஒரு சர்தாருக்கு டீ வாங்கிக் கொடுத்து, திருப்பூரில் அடி வாங்கி, இந்த வேலையைக் கற்றேன்.

"நாலு மணிக்குள்ள முடியுமாய்யா? முடியலைன்னா கோயம்புத்தூர்க்காரங்களைக் கூப்பிட்டுருவேன். பொறவு வருசக் காண்ட்ராக்டும் அவங்களுக்குத்தான்" என்றார் மெயின்டனன்ஸ் ஆபீசர்.

"முடியும் சார்" என்றேன். புரோகிராம் என் பென் டிரைவில் இருந்தது. ஏற்றுவதற்குத்தான் லேப்டாப் இல்லை. மில் ஆபீசில் இருப்பவற்றில் வெளி புரோகிராம் எதையும் போட முடியாதபடி பூட்டு.

போன் பேசியதை என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனிக்கு வேலைக்குக் கிளம்பி நின்றாள். அந்தக் காண்ட்ராக்ட் கிடைத்தால் நான் ஊரோடு இருப்பேன், கிடைக்காவிட்டால் சூரத்துக்கு ரயில் ஏறுவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"இந்தத் தடவை பையைத் தூக்கினீகன்னா எங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்பைச் சரிபண்ணி விற்கும் கடை ஒன்று ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடத்துவது முப்பது வயதுப் பெண். போனில் அப்பாவோடு தெலுங்கிலும் எங்களோடு தமிழிலும் ஒரே மூச்சில் பேசுவார். எனக்கு வேண்டியது சின்னது. பேனல் கதவுக்கும் மெஷினுக்கும் நடுவில் இரண்டு அடி இடம்தான், ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்ட வேண்டும். சொன்னதும் ஒன்றை எடுத்து வைத்தார். பெரிய ஆபீசர்கள் கையில் வைத்திருக்கும் ரகம், நோட்டுப் புத்தகத் தடிமன்.

அவர் ஜிபி கணக்கு சொல்லச் சொல்ல நான் என் வழியில் பார்த்தேன். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினேன், அதன் உடம்பு வளையவில்லை. திரையை ஒரு விரலால் திறந்தேன், சொன்ன இடத்தில் நின்றது. திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு ஓட்டை கூட இல்லை.

"விசிறி எங்கம்மா?"

"இதுல விசிறியே கிடையாதுண்ணே. சூடு உடம்பு வழியாவே போயிரும். சத்தமும் இல்லை, பஞ்சும் ஏறாது."

பையிலிருந்த கேபிளை எடுத்தேன். பேனலுக்குப் போகும் பழைய காலத்து ஒன்பது முள் கேபிள் அது. மறுமுனை சாதாரண யு.எஸ்.பி. இந்த லேப்டாப்பிலோ மாத்திரை அளவு ஓட்டை இரண்டுதான். நடுவில் ஒரு கன்வர்ட்டர் போட வேண்டும். கடையில் மூன்று இருந்தன. முதல் இரண்டிலும் கேபிள் விளக்கு எரியவே இல்லை. மூன்றாவதில் எரிந்தது. லேசாகத் தொட்டேன், அணைந்தது.

"ஆட்டாதீங்கண்ணே. ஆட்டாம வச்சா நல்லாத்தான் இருக்கும்."

"மில்லுல தரையே ஆடும்மா."

புரோகிராம் ஏறும்போது பாதியில் கேபிள் விட்டுப்போனால் கார்டு மொத்தமாகப் போய்விடும். திருப்பூரில் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வாங்கிய அடி அதற்குத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் இன்னொன்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"ரெண்டு மணிக்கு ஒரு ஆடிட்டர் இதைப் பாக்க வாராரு. அதுக்கு மேல என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை, படிக்கட்டுப் பக்கம் நின்றே போனேன். ஆபீசர் வழியில் ஒருமுறை கூப்பிட்டார். "எங்கய்யா இருக்க?" "வந்துக்கிட்டே இருக்கேன் சார்." பஸ் மில்லுக்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மேஜையில் ஸ்க்ரூ டிரைவர்கள் அளவு வாரியாக வரிசையில் நின்றன. அவர் எடுத்துக் காட்டியதும் சின்னதுதான், ஆனால் கொஞ்சம் தடிமன், கனம். நான்கு பக்கமும் ஓட்டைகள். யு.எஸ்.பி. மூன்று, நெட்வொர்க் ஒயருக்குத் தனி இடம். என் கேபிளை நேராகச் சொருகினேன். விளக்கு எரிந்தது. ஆட்டினேன், இழுத்தேன், லேப்டாப்பைக் கேபிளோடு குலுக்கினேன். எரிந்துகொண்டே இருந்தது. பென் டிரைவிலிருந்து என் புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன். உடனே திறந்தது.

திருப்பினேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சல்லடை ஓட்டை. கன்னத்தை வைத்தேன். காற்றை உறிஞ்சியது.

"என்ன தம்பி, ஜோசியமா பாக்கீரு?"

பஞ்சுக் கதையைச் சொன்னேன். காற்றுக் குழாயால் ஊதியதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எம்புட்டு பெரிய முட்டாள்தனம்! சின்ன விசிறில புயலை விட்டிருக்கீரு. சரி, அடில பேண்டேஜ் துணியைக் கட்டும். உங்க ஊர்லதான் அது மலையாக் குவிஞ்சு கிடக்கே."

"துணி கட்டினா காத்தும் போகாது சார். வெந்துரும்."

"மில்லுக்குள்ள எம்புட்டு நேரம் ஓடணும்?"

"இன்னைக்கு அரை மணி நேரம்."

"அரை மணிக்கு ஒண்ணும் ஆகாது, அடிச்சுச் சொல்லுதேன். இன்னைக்கு மட்டும்னா இதை எடும். வருசம் பூரா அங்கனயே கிடக்கணும்னா எடுக்காதீரும். நான் விக்கிறவன், ஆனா பொய் சொல்ல மாட்டேன்."

விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கையில் இருந்த பணம் ஒன்றுக்குத்தான். கடைக்கு வெளியே வந்து நின்றேன். இதுவரை நான் வாங்கிய எல்லாமே இன்றைக்கு மட்டும் என்று வாங்கியவை. செருப்பு, ஸ்டவ், போர்வை. ஊர் மாறும்போது விட்டுவிட்டு வருவேன். இதை வாங்கினால் இன்றைக்கு மெஷின் ஓடும். பத்து நாளில் பஞ்சு ஏறும். அப்புறம் காண்ட்ராக்டை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? விசிறி இல்லாததை வாங்கினால் இன்றைக்கே கார்டு போகலாம். அப்புறம் காண்ட்ராக்ட் ஏது?

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. உள்ளே போய், ராஜபாளையத்தில் பார்த்த லேப்டாப்பையும் ஆடினால் அணையும் கன்வர்ட்டரையும் பற்றிச் சொல்லி, "மன்னிச்சுக்கோங்க சார்" என்றேன்.

"போம் போம். அந்தக் கன்வர்ட்டர்ல இருந்து கைய எடுக்காதீரும். நாங்க மழையில ஒயரைப் பல்லால கடிச்சுக்கிட்டே பேசியிருக்கோம்."

ராஜபாளையத்தில் இறங்கிக் கடைக்கு ஓடினேன். ஆடிட்டர் வந்துவிட்டார். அந்த லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்.

"சத்தமே இல்லையேம்மா, ஓடுதா இது?" என்றார் ஆடிட்டர்.

"ஓடுது சார், விசிறி இல்லாத மாடல்."

"விசிறி இல்லைன்னா சித்திரை வெயிலுக்குத் தாங்குமா? ஆபீஸ் நெட்டு ஒயரை எதுல சொருகுறது?"

"அதுக்குத் தனி கன்வர்ட்டர் இருக்கு சார்."

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். முடியவில்லை. "சார், உங்களுக்கு ஒயரு சொருகணும்னா ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒண்ணு இருக்கு. இப்பத்தான் பாத்துட்டு வாரேன். நெட்டுக்குத் தனி இடம் இருக்கு. விசிறியும் நல்லா இழுக்குது."

ஆடிட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீரு அந்தக் கடைக்குப் புரோக்கரா?"

"இல்ல சார். இதை வாங்க வந்தவன்."

"அப்ப உமக்கு மட்டும் இது எதுக்கு?"

"நான் பஞ்சுக்குள்ள வேலை பாக்கேன் சார். உங்க ஆபீசுல பஞ்சு பறக்காதுல்லா."

அவர் லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு, அந்தக் கடை முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டு எழுந்தார். அவர் படியிறங்கியதும் கடைக்காரப் பெண் சொன்னார்: "என் கடைல உக்காந்துக்கிட்டே அடுத்த ஊரு கடைக்கு ஆளு அனுப்புதீங்களே, உங்களை என்ன செய்ய?" ஆனாலும் லேப்டாப்புக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு, அந்த மூன்றாவது கன்வர்ட்டரைக் காசு வாங்காமல் பையில் போட்டார். பென் டிரைவிலிருந்த புரோகிராமை அங்கேயே லேப்டாப்பில் போட்டுக்கொண்டேன்.

மில்லுக்குள் நுழையும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. மற்ற மெஷின்கள் ஓடுவதில் தரை அதிர்ந்தது. பேனலைத் திறந்து, கேபிளைப் போட்டு, கன்வர்ட்டரைச் சொருகினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. பெருவிரலை அதன் முதுகில் வைத்து, ஆள்காட்டி விரலை அடியில் கொடுத்து அழுத்தினேன். விளக்கு அணையாமல் நின்றது. லேப்டாப்பை இடது முழங்கையில் தாங்கிக்கொண்டு வலது கையால் தட்டினேன். ஏறத் தொடங்கியது.

இனி விரலை எடுக்க முடியாது. திரையில் பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. ஆபீசர் வந்து பின்னால் நின்றார். மூக்கில் பஞ்சு ஏறித் தும்மல் வந்தது. நாக்கை மேலண்ணத்தில் வைத்து அழுத்தி அடக்கினேன். பாதி ஏறியபோது பெருவிரல் மரத்துவிட்டது. விரல் அழுத்துகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கோடு முக்காலைத் தாண்டிய இடத்தில் நின்றது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சற்று நேரம் கழித்துக் கோடு மறுபடி நகர்ந்தது.

முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் விரலை எடுக்கவில்லை. ஆபீசர்தான் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். மெஷின் மெல்ல இழுத்து, வேகம் பிடித்து, மற்றவற்றின் சத்தத்தோடு சேர்ந்துகொண்டது. கையை உதறினேன். அடக்கி வைத்த தும்மல்கள் வரிசையாக வந்தன. லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தேன். அடியில் டீ கிளாஸ் சூடு. மேலே வெள்ளையாகப் பஞ்சு படிந்திருந்தது, உள்ளே ஏற வழியில்லை.

"மணி நாலாகலை" என்றார் ஆபீசர். "நாளைக்குக் காலைல வாய்யா. அந்தக் கடைசி மெஷின் பேனலும் ஒரு மாதிரியா இருக்கு. காண்ட்ராக்ட் காகிதத்தை அப்பப் பேசிக்கிடலாம்."

அவர் போனதும் என் வயதுக்காரரான ஃபிட்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"ஏலே மாப்ள, பஞ்சுப் பொம்மை மாதிரி நிக்க! இரு, ஊதி விடுதேன்."

அவர் காற்றுக் குழாயைத் திறந்து என் தலையில் ஊதினார், முதுகில் ஊதினார். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சத்தம் கீழே இறங்கியது. கண்ணைத் திறந்தால் குழாய் லேப்டாப்பைப் பார்த்து நீண்டிருந்தது.

"உன் பொட்டிக்கும் ஒரு ஊது."

அதை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்துவிட்டேன். காற்று என் முதுகில் அடித்தது.

"இதுல விசிறி கிடையாதுடே!" என்று கத்தினேன்.

"விசிறிதான் இல்லையே, பொறவு எதுக்குலே பயப்படுத?"

அவர் கேட்டது சரிதான். ஆனால் அவர் குழாயை மூடுகிற வரை நான் நிமிரவில்லை.