மாமாவின் அறுபத்திரண்டு சத்தங்கள்

குடும்பத்தில் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று பெயர் வந்துவிட்டால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் உயிர் பெறவே கால் மணி நேரம் ஆகிறதாம். ஃபார்மட் பண்ணி மறுபடி ஓஎஸ் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளே இருப்பது அழியுமுன் காப்பி எடுத்துவைக்க ஒரு ஹார்டு டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வயதில் கிரீஸ் டப்பா தூக்கிக்கொண்டு கம்பெனியில் சேர்ந்தவர், முப்பத்தொரு வருடம் ஓடிவிட்டது. அறுபத்திரண்டு லிஃப்டுகள் அவர் பொறுப்பு. ஸ்பேனரைத் தொடும் முன் கதவில் காதை வைத்துக் கண்ணை மூடுவார். பேரிங் போய்விட்டது என்பார், போயிருக்கும். கம்பெனியில் அவருக்கு டாக்டர் என்றுதான் பெயர். ஒரு நாற்காலியில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாத மனுஷன். அன்றைக்கோ என் முதுகுக்குப் பின்னால் நடந்தே தரையைத் தேய்த்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டல்ல மாப்ள?"

"எடுத்துக்கிட்டே இருக்கேன் மாமா."

"எல்லாத்தையும்னா, ஒண்ணு விடாம."

"எது முக்கியம்னு சொல்லுங்க, அத முதல்ல எடுத்துடறேன்."

"அப்படி ஒண்ணுமில்ல. பொதுவா சொன்னேன்."

பத்து நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி. எனக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் வந்தது.

அவர் தவிப்பு எதற்கென்று அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயின, ஒரு பேரிங் கெடும்போது முதலில் வருவதும் அதுதான். யாரிடமும் சொல்லவில்லை. நன்றாக ஓடும் நாளில் ஒவ்வொரு லிஃப்டின் சத்தத்தையும் போனில் பிடித்துவந்து கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிடுவார். சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் புரோகிராம் ஒன்று வைத்திருந்தார். இன்றைய கோட்டைப் பழைய கோட்டோடு ஒப்பிட்டு, காதால் கேட்க முடியாததைக் கண்ணால் பார்த்துப் பிழைப்பை ஓட்டினார். மறுநாள் திங்கட்கிழமை ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளி லிஃப்டைச் சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது.

அந்த அறுபத்திரண்டு ஃபைல்களையும் அவர் வைத்திருந்த இடம் ரீசைக்கிள் பின், டெலீட் செய்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டி. மகள் எல்லா ஃபோல்டரையும் திறந்து ஒழுங்குபடுத்துகிறவள், குப்பையைத் திறக்கமாட்டாள் என்பது அவர் கணக்கு. தேவைப்படும்போது வெளியே எடுத்துப் பார்ப்பார், வேலை முடிந்ததும் மறுபடி டெலீட். எல்லாவற்றையும் எடுத்தால் குப்பையும் கூடவே வரும் என்று நம்பியிருந்தார். வாய்விட்டுக் கேட்டால் குட்டு உடைந்துவிடுமே.

எனக்கோ சுத்தக்காரன் என்ற திமிர். போட்டோக்களை எடுத்தேன், மகளின் பாடங்களை எடுத்தேன். குப்பையில் நாலு ஜிபி கிடந்தது. யாரையும் கேட்காமல் காலி செய்துவிட்டு ஃபார்மட் கொடுத்தேன்.

ஓஎஸ் ஏறி, ஃபைல்களைத் திருப்பிப் போட்டு முடிக்க மணி நாலு ஆனது. மாமா என்னை நகரச் சொல்லிவிட்டு நேராகக் குப்பையைத் திறந்தார்.

"இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"குப்பைதானே மாமா. காலி பண்ணிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "என் லிஃப்ட் சத்தமெல்லாம் அதுலதான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அழிந்ததை மீட்கும் புரோகிராமை ஓடவிட்டேன். கல்யாணப் போட்டோ பாதி வந்தது, எதற்கோ வாங்கிய ரசீது வந்தது, ஒரு சத்தம்கூட வரவில்லை. கேட்டுவிட்டுச் செய்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று என்னையே அறையத் தோன்றியது. மாமா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"எனக்குக் காது சரியா கேக்கல. மூணு வருஷமா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷமா உங்க வலது பக்கம்தானே உக்காந்து பேசறேன். பாப்பாவும் அப்படித்தான். நீங்க கவனிக்கல."

மாமா கட்டிலில் உட்கார்ந்தார். மறைத்து மறைத்துக் களைத்துப்போன மனிதர் அழுதார், எனக்கும் தாங்கவில்லை.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்" என்றாள் அக்கா. "எங்ககிட்ட மறைச்சா பரவால்ல, நாங்க பக்கம் மாறி உக்காந்துக்குவோம். நாளைக்கு அந்த லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர்ல படுத்துட்டுப் போறவங்க என்ன பண்ணுவாங்க?"

மாமா போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"சார், டாக்டர் பேசறேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்கூட இன்னொரு ஆள அனுப்புங்க. நல்லா காது கேக்கற ஆளா அனுப்புங்க."