எந்தக் கம்பெனிக்கு?

அவளுக்கு நினைவு தெரிந்த நாளில் வீட்டில் புழங்கிய ஒரே இங்கிலீஷ் வார்த்தை கம்பெனிதான். அது இங்கிலீஷ் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா காலையில் கம்பெனிக்குப் போவார், சாயங்காலம் கம்பெனி விட்டு வருவார். நடுவில் அவள் அழுதால், "அப்பா கம்பெனிக்குப் போயிருக்காருடி, கத்தாதே" என்பாள் அம்மா. கம்பெனி என்பது காலையில் அப்பாவை விழுங்கிச் சாயங்காலம் துப்பிவிடும் ஏதோ ஒரு பெரிய பிராணி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இல்லாவிட்டால் அவர் மேல் ஏன் அப்படி ஆயில் வாடை அடிக்கிறது?

கொஞ்சம் வளர்ந்ததும் அந்த வார்த்தைக்கு ஒரு மவுசும் சேர்ந்துகொண்டது. அப்பா கடையில் எதை வாங்கினாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பெனி சாமான். கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்பார். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தரகரும் அதே பாட்டைத்தான் பாடினார்: "பையன் கம்பெனியில இருக்கான்." அப்பா கண்ணை மூடிக்கொண்டு சரி என்றார்.

கணவன் மோசமானவன் இல்லை. ஃபேன் கம்பெனி ஒன்றுக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கும் வேலை. சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். கல்யாணமான புதிதில் ஒருநாள் சாராய வாடையோடு வந்து வாசலில் நின்றான்.

"கோவிச்சுக்காதே. ஃபிரண்ட்ஸுங்க கூப்பிட்டாங்க. அவங்களுக்குச் சும்மா கம்பெனி குடுத்தேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, யாரு கம்பெனியைத் தூக்கி யாருக்குக் குடுத்தீங்க? உங்க முதலாளிக்குத் தெரியுமா?"

அவன் சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மறுநாள் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்படி ஊரில் நாலு பேருக்குக் கம்பெனி கொடுத்தே பழகியவன், வீட்டில் இருந்த இரண்டு பேருக்கு அதைக் கொடுக்க நேரம் ஒழியாமல், ஈரல் கெட்டு, மகள் இரண்டாம் வகுப்பு படிக்கையில் போய்ச் சேர்ந்தான்.

அதன்பிறகு அவள் குடைக் கம்பெனியில் சேர்ந்தாள். நீளமான ஒரு ஷெட். ஒரு பக்கம் துணியை முக்கோணமாக வெட்டுவார்கள். நடுவில் வரிசையாகத் தையல் மெஷின்கள். அந்தக் கோடியில் கம்பிகளை விரித்துப் பிடித்துத் துணியைக் கோத்துக் கட்டுவார்கள். மழைக்காலத்துக்கு முந்தின மாதங்களில் தலையைச் சொறியக்கூட நேரம் இருக்காது. இவ்வளவு குடை செய்தும், அங்கே வேலை பார்த்த ஒருத்தரிடமும் உருப்படியாக ஒரு குடை கிடையாது. மழை வந்தால் எல்லோரும் பிளாஸ்டிக் கவரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவார்கள்.

மெஷின் மக்கர் செய்தால் வருகிறவர் ஃபிட்டர். ஒட்டடைக்கொம்பு மாதிரி நெடுநெடுவென்று இருப்பார். கல்யாணமாகாதவர், கூடப் பிறந்தவர்களைக் கரையேற்றி முடிப்பதற்குள் வயது தாண்டிவிட்டது என்று பேச்சு. மெஷின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "என்னம்மா, என்ன பண்ணுது உடம்புக்கு?" என்று அதனிடம்தான் முதலில் கேட்பார். ஷெட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் அவருக்குத் தங்கச்சி, இல்லை அம்மா. அவளை மட்டும் எந்த முறையும் வைத்துக் கூப்பிட மாட்டார். "நூலை மாத்திப் பாருங்க", "இப்ப மிதிங்க" என்று மொட்டையாகவே பேசிவிட்டுப் போவார்.

அவளும் அப்படித்தான். வெட்டுகிறவர், லாரியில் ஏற்றுகிறவர், கேட்டில் நிற்கிறவர் எல்லோரும் அவளுக்கு அண்ணன்தான். ஃபிட்டரை மட்டும் "ஃபிட்டரே" என்றாள். பக்கத்து மெஷினில் தைத்தவள் குள்ளமாக, உருண்டையாக இருப்பாள். ஷெட்டில் வைத்த பெயர் பட்டன். அவள்தான் ஒருநாள் குனிந்து கேட்டாள்: "ஏன்க்கா, மெஷினுக்கு இருக்கிற உறவுகூட உனக்கு இல்லியா?"

"வேலையைப் பாருடி" என்றாள் இவள். காது சூடாகிவிட்டது.

ஒருநாள் சாயங்கால இடைவேளையில் ஃபிட்டர் அவள் மெஷின் பக்கம் வந்து, ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே எங்கேயோ பார்த்துச் சொன்னார்: "டீ குடிக்கப் போறேன். தனியாக் குடிச்சா உள்ள எறங்க மாட்டேங்குது. ஒரு கம்பெனிக்கு வர்றீங்களா?"

கணவன் வாயில் கேட்டுக் கசந்துபோன வார்த்தை அது. இவர் வாயில் அது வேறாக இருந்தது. அவள் எழுந்து கூடப் போனாள்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. கேட்டுக்கு எதிரே டீக்கடை, ஆடுகிற ஒரு பெஞ்சு. என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. மெஷின் பெல்ட் அறுந்தது, மகள் கணக்கில் பாஸானது, கடைக்காரரின் பூனை குட்டி போட்டது. மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாய்க்கு அடியில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம். குடைக் கம்பெனி ஆட்கள் மழைக்காலத்துக்கு ஏங்குவது வியாபாரத்துக்காக. அவள் ஏங்கியது அந்தத் தார்ப்பாய்க்காக.

துணை என்று தமிழில் நல்ல சொல் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கையில் எடுத்தால் அது வாழ்க்கைத் துணை வரைக்கும் போய்த்தான் நிற்கும். கம்பெனிக்கு அந்த வம்பு இல்லை. டம்ளரைக் கீழே வைத்ததும் முடிந்துபோகும். நாலு பேர் கேட்டாலும் வேலை செய்யும் இடத்தைச் சொல்வதுபோல் இருக்கும். ஒருமுறை டீக்கடைப் பக்கம் வந்த மகளே, "யாரும்மா அந்த அங்கிள்?" என்று கேட்டாள்.

"கம்பெனி ஆளுடி" என்றாள். சொன்னது பொய்யும் இல்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. மகள் பத்தாவது வந்தாள். அந்தச் சமயத்தில் வேறு ஊரில், பஸ்ஸில் போனால் அரை நாள் பிடிக்கும் தூரத்தில், இன்னொரு முதலாளி பெரிதாக ஒரு குடைக் கம்பெனி தொடங்கினார். ஃபிட்டருக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது. விஷயம் ஷெட் முழுக்கத் தெரிந்தும் அவர் அவளிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசி வாரம் டீக்கடைப் பெஞ்சில் வைத்துத்தான் ஆரம்பித்தார்.

"புது இடம். தைக்கத் தெரிஞ்ச ஆளுங்க நிறைய வேணுமாம்."

"ஓ."

"நல்ல ஊருன்னு சொல்றாங்க. தண்ணிக்குப் பஞ்சம் இல்லியாம். பள்ளிக்கூடம்கூடப் பக்கத்துலயே இருக்காம்."

"நல்லதாப் போச்சு."

அவர் டீயைக் குடிக்காமல் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு அங்க யாரையும் தெரியாது. நீங்களும் கம்பெனிக்கு வந்துடுங்களேன்."

அவளுக்குக் கேட்டது. இரண்டாகவும் கேட்டது. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் எது என்று புரியவும் செய்தது. ஆனாலும் அதை அவர் வாயால் இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஒரு பெண் அதற்கு மேல் எப்படிக் கேட்பாள்? சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "எந்தக் கம்பெனிக்கு?" என்றாள்.

ஃபிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"குடைக் கம்பெனிக்குத்தான். வேற எந்தக் கம்பெனி?"

"பொண்ணு பத்தாவது படிக்கிறா. இப்பப் போயி எப்படி..."

"ஆமாமா. படிப்பு முக்கியம்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் அவர் இல்லை. "ஃபிட்டர் கம்பி நீட்டிட்டாருடோய்!" என்று யாரோ கத்த, நாள் முழுக்கக் கம்பி நீட்டுவதே பிழைப்பாக இருந்த அந்த ஷெட் இடிந்துவிழும்படி சிரித்தது. அவளும் சிரித்தாள். இடைவேளையில் டீக்கடை வரைக்கும் போனாள். கடைக்காரர், "ஒண்ணா, ரெண்டா?" என்று பழக்கத்தில் கேட்டார். எதுவும் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டாள்.

அவர் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. செய்ய ஒரு காரணம் வேண்டாமா? மெஷின் கெட்டுப்போனால் புது ஃபிட்டர் வந்தார். அவரை முதல் நாளே அண்ணே என்றாள்.

மகள் படித்து வேலைக்குப் போனாள். தாத்தா ஒரே கம்பெனியில் சாகும்வரை இருந்தார் என்றால், பேத்தி பஸ் மாறுகிற மாதிரி கம்பெனி மாறினாள். கடைசியில் கம்பெனியே லேப்டாப் ரூபத்தில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா வேலை பார்த்த குடைக் கம்பெனியை இழுத்துப் பூட்டியபோது மகள்தான் சொன்னாள்: "அங்க தனியா இருந்து என்னம்மா பண்ணப்போறே? இங்க வந்துடு. எனக்கும் ஒரு கம்பெனியா இருக்கும்."

போனாள். மகள் தங்கமானவள்தான். ஆனால் காதில் ஹெட்போனை மாட்டினால் வீட்டில் இருந்துகொண்டே வெளியூர் போய்விடுவாள். "ஆமா, சொல்லுங்க" என்று குரல் கேட்டு அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தால், மகள் கண்ணாலேயே 'உன்னை இல்லை' என்பாள். அம்மாவின் செல்போனும் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை அடிக்கும். பாய்ந்து எடுப்பாள். பதிவு செய்த குரல் ஏதோ ரீசார்ஜ் பிளான் சொல்லும்.

"யாரும்மா?"

"கம்பெனிக்காரன்."

மருந்துக்கடையில் ஒருநாள், "அக்கா!" என்று முதுகில் ஓர் அடி விழுந்தது. பட்டன். இன்னும் உருண்டிருந்தாள். ஊர்க்கதை எல்லாம் முடிந்து கிளம்பும்போது, "நம்ம ஃபிட்டர் அந்த ஊர்லயேதான் இருக்காராம். காது சுத்தமாப் போச்சாம், பாவம். மெஷின் சத்தம்" என்றாள். இருக்கிற தெருவையும் அவளே சொன்னாள்.

அவள் அந்த வாரமே மகளிடம், "பழைய கம்பெனி ஆளு ஒருத்தர், உடம்பு சரியில்லையாம். பாத்துட்டு வந்துடுறேன்" என்றாள். நல்ல புடவையை எடுத்து, வேண்டாம் என்று வைத்து, மறுபடி அதையே கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் வழி நெடுக ஒரே வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டே போனாள். இந்தத் தடவை குழப்பமில்லாமல் கேட்டுவிட வேண்டும்.

கதவைத் திறந்தது ஒரு பெண். நரைத்த தலை, கையில் ஈரத்துணி.

"ஃபிட்டர் வீடு..."

"ஆமா, வாங்க. நீங்க யாருன்னு..." அந்தப் பெண் அவளை உற்றுப்பார்த்தாள். முகம் மலர்ந்தது. "டீக்கடை! நீங்கதானே? இவரு சொல்லியிருக்காரு. உள்ள வாங்க, உள்ள வாங்க." பிறகு உள்பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினாள்: "என்னங்க! யாரு வந்திருக்காங்க பாருங்க!"

ஃபிட்டர் வந்து நின்றார். முதுகு வளைந்து உயரம் குறைந்திருந்தது. அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டீ வந்தது. அவர் புன்னகையோடு உட்கார்ந்திருக்க, மனைவிதான் பேசினாள். அந்தக் குடைக் கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் இருந்தவள். "ரெண்டு வருஷம் பாத்தேங்க. மனுஷன் தனியாப் போவாரு, தனியா வருவாரு. வாயத் திறக்கிற மாதிரியே தெரியல. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. ஒருநாள் நேராப் போயி, என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டுட்டேன்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப இவருக்குக் காது கேட்டுச்சு. அதனால தப்பிக்க முடியல."

அவளும் சிரித்தாள். இந்தப் பெண்ணை வெறுக்கவாவது முடிந்தால் தேவலை என்று இருந்தது. முடியவில்லை. சாப்பிடாமல் போகவிட மாட்டேன் என்று அந்தப் பெண் பிடித்து உட்காரவைத்து, தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஃபிட்டர் பஸ் நிலையம் வரைக்கும் கூட வந்தார். வழியெல்லாம் பேசவில்லை. அவள் பேசினால் அவருக்குக் கேட்காது. கேட்கும்படி பேசினால் தெருவுக்கே கேட்கும். கூட்டத்தில் பெஞ்சு கிடைக்கவில்லை. தூணோரமாக நின்றார்கள். பஸ்ஸில் அவள் சரிபார்த்த வாக்கியம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவளுடைய பஸ் வந்து நின்றதும்தான் அவர் வாயைத் திறந்தார். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அன்னைக்கு உங்கள நான் வேலைக்குக் கூப்பிடல!"

பழக்கடைக்காரர் திரும்பினார். கண்டக்டர் திரும்பினார். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் திரும்பினாள். அவளுக்கு வெட்கமாகவே இல்லை. தன் உதட்டை அவர் படிக்கும்படி, நேருக்கு நேர் நின்று, மெல்லச் சொன்னாள்.

"தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். "ஏறுங்க. உக்கார எடம் போயிடும்" என்று அதே சத்தத்தில் சொன்னார். ஏறினாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. பஸ் வளைவில் திரும்புகிறவரைக்கும் அவர் தூணோரமாகவே நின்றார்.

வீடு வந்தபோது மகள் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு காதை மட்டும் விலக்கி, "எப்படிம்மா இருக்காரு உன் கம்பெனி ஆளு?" என்றாள்.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள்.

"கம்பெனி ஆளு இல்லடி" என்றாள். "எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ரொம்ப வருஷமாப் பிடிக்கும்."

மகள் ஹெட்போனைக் கழற்றி, லேப்டாப்பை மூடி, நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மொதல்ல இருந்து சொல்லும்மா."