எனக்கு வந்த பெரிய வியாதி

இன்றைக்குக் கப்பலூரில் எனக்குச் சொந்தமாக லேத் பட்டறை இருக்கிறது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்ஜினீயருக்குப் படித்த பிள்ளைகள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டுப் போகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். எதிலும் நான்தான் முந்தி என்கிற நினைப்பு எனக்குச் சின்ன வயசிலேயே உண்டு. வியாதியில்கூட.

வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். இரண்டாவது படிக்கும்போது என் உச்சந்தலையில் வட்டமாக முடி கொட்டி, செதில் எழும்பியது. புழுவெட்டு என்று அம்மா சின்ன வெங்காயத்தைத் தேய்த்தாள். எரிச்சல்தான் மிச்சம், வட்டம் பெரிசாகிக்கொண்டே போனது. ஒருநாள் மாமா என் தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, பெரிய வியாதியா இருந்துறப் போகுது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தொழுநோயைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் பள்ளிக்கூடத்தில், "உங்களுக்கெல்லாம் சளி, சிரங்குதானடா. எனக்குப் பெரிய வியாதி!" என்று அளந்துவிட்டேன். வாத்தியார் காதில் அது விழுந்தது. அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அம்மா போட்டது போட்டபடி என்னை இழுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள். தோல் டாக்டரம்மா என் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் அந்த வட்டத்தைத் தொட்டார்.

"தெரியுதா?"

"தெரியுது!"

"மெதுவாச் சொல்லுடா, மாடியில இருக்கவங்களுக்கும் தெரிஞ்சிரும்."

தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னேன். நான் முழு மார்க் வாங்கிய பரீட்சை அது ஒன்றுதான். பிறகு கொஞ்சம் முடியைப் பிடுங்கி, செதிலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"படைதாம்மா. பூஞ்சை முடிக்குள்ள இறங்கியிருக்கு, வெங்காயத்துக்கும் களிம்புக்கும் போகாது. மாத்திரையைப் பாலோட கொடுங்க. முடி முளைக்குதேன்னு நீங்களா நிறுத்திராதீங்க, என்கிட்ட காட்டுங்க. சீப்பும் துண்டும் தனியா வைங்க."

"படைதானா டாக்டரம்மா? வேற ஒண்ணும் இல்லையே?"

"படையேதான்."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "எம்மகனுக்குப் படைண்ணே! வெறும் படை!" என்று கண்டக்டரிடம் சொன்னாள்.

"சரி தாயி, டிக்கெட்ட எடு."

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்புட்டுப் பெரிய வியாதியை ஒன்றுமில்லாமல் ஆக்கியதும் போதாது என்று, அதை ஊருக்கெல்லாம் வேறு சொல்கிறாளே என்று அவள்மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம்.