வெற்றிலைச் சுண்ணாம்பும் பருவக்காற்றும்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு கவிதா என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கத்தை போட்டோஸ்டேட் தாள். நான்கு நிறத்தில் ஹைலைட்டர். முகம் மட்டும் உர்ரென்று இருந்தது.

"ஆன்ட்டி, எக்ஸாமுக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. வீட்ல படிக்க எடமே இல்ல லா. தம்பி சும்மா டிவி போட்டுக்கிட்டே இருக்கான். இங்க உக்காந்துக்கவா?"

உட்கார் என்றேன். செரம்பான் டவுனை ஒட்டிய எங்கள் அம்பாங்கான் வரிசை வீடுகள் அப்படித்தான். ஒரு வீட்டில் வெங்காயம் நறுக்கினால் அடுத்த வீட்டில் கண் எரியும்.

தாள்களை வாங்கிப் பார்த்தேன். பருவக்காற்று... மண் அரிப்பு... பல்லவர் குடைவரை... அட, எல்லாம் என் பழைய சிநேகிதர்கள்! இயற்கைப் புவியியல், சுற்றுச்சூழல், கலை வரலாறு. மஞ்சளும் பச்சையுமாகப் பூசித் தள்ளியிருந்தாள். கோடு படாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"இதே பாடத்தை நான் எதில் எழுதிப் படித்தேன் தெரியுமா?"

"சிலேட்லயா ஆன்ட்டி?"

"ரப்பர் மரத்தில்."

கவிதா ஹைலைட்டரை மூடி வைத்தாள். நீங்களும் கையில் இருப்பதை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள்.

மலாயாவில் வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம். பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்வெட்டுகிறவள். வயது பத்தொன்பது. தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். விடிந்த பிறகுதான் கேட் திறக்கும். வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் சோதிப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். எழுதிய காகிதம் என்றால் அதைவிட மோசம்.

எனக்கோ ஆசிரியர் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு. தோட்டத்துப் பள்ளி வாத்தியாரிடம் குறிப்பு நோட்டை இரவல் வாங்கி, ஒரு வரி விடாமல் நகல் எடுத்து வைத்திருந்தேன். படிக்கத்தான் நேரம் இல்லை. காலையில் வெட்டு. மத்தியானம் பால் நிறுவை. அப்புறம் வீட்டு வேலை. மிச்சம் என்ன? ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கிற நேரம்தான். அதில் படிக்கலாம் என்று நோட்டை மடியில் செருகிக்கொண்டு போனேன். கேட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

விட்டுவிடுவேனா? வேண்டாம் என்று யாராவது தடுத்தால்தான் எனக்கு வெறி வரும். பிறவிக் குணம்... என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், சொல்வார்.

குறிப்பில் 'சம உயரக் கோடு' என்று ஒன்று வரும். நகல் எடுத்தேனே தவிர, மண்டையில் ஏறவில்லை. ஒரு நாள் மேட்டு நிரையில் வெட்டிக்கொண்டே போகிறேன். நிரை என்றால் மர வரிசை. குன்றைச் சுற்றிப் படி படியாக மண்ணை வெட்டி, அந்தப் படிகளில்தான் மரம் நட்டிருப்பார்கள். ஒரு படியில் கால் வைத்தால் குன்றையே சுற்றி வரலாம். ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. சட்டென்று நின்றுவிட்டேன். இதுதானே அந்தக் கோடு? தினமும் அதன் மேல்தானே நடக்கிறேன்?

அதை உடனே எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். பென்சில் இல்லை. இடுப்பில் வெற்றிலைப் பொட்டலம் இருந்தது. வெற்றிலையைக் கேட்டில் யாரும் தடுப்பதில்லை. விரலில் சுண்ணாம்பைத் தொட்டு, மரத்தின் பின்பக்கம் 'கோடு' என்று எழுதினேன்.

அன்று பிடித்த பைத்தியம். ஒரு மரத்துக்கு ஒரு குறிப்பு. மேட்டு நிரைகளில் புவியியல். ஓடையோரத்து நிரையில் சுற்றுச்சூழல். அங்கே மண் கரைந்து வேரெல்லாம் வெளியே தெரியும்; மண் அரிப்புக்கு அதைவிட நல்ல படம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? கடைசி நிரை கலை வரலாறு. பல்லவருக்குக் 'குகை', சோழருக்குக் 'கற்கோயில்'. பருவக்காற்றுக்கு வெறும் அம்புக்குறி. தினமும் அதே மரம், அதே வரிசை. கண்ணை மூடினால் மரம் வரும், மரத்தோடு பாடமும் வரும். தோட்டத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். "டீச்சரம்மா, இன்னிக்கு எந்த ராஜா?" என்று கேலி பேசுவார்கள்.

அவசரகாலத்தில், காட்டோரத்து மரத்தில், வெள்ளை அம்புக்குறி. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அந்த ஒரு கேள்வி மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை. படிக்கிறவள் அல்லவா...

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, நுழைவுச் சீட்டு வாங்கச் செரம்பான் போயிருந்தேன். அன்று என் நிரைகளைப் பக்கத்து வீட்டுச் சின்னப்பன் அண்ணன் வெட்டினார். மூன்று பிள்ளைக்காரர். சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிறவர். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன், ஆபீஸ் வாசலில் கூட்டம். நடுவில் அவர் மனைவி முத்தம்மா அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார்.

ரோந்து போலீஸ் அம்புக்குறியைப் பார்த்துவிட்டது. காட்டுக்காரர்களுக்கு வழி காட்டுகிறான் என்று அண்ணனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அப்போதெல்லாம் விசாரணையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. முகாமில் அடைப்பார்கள். கப்பலேற்றி இந்தியாவுக்கும் அனுப்புவார்கள்.

முத்தம்மா அக்கா என்னைப் பார்த்தார்.

"நீ போயி பரீச்ச எழுதும்மா. எம்புருஷன் உள்ள கெடக்கட்டும்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அம்மா பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "போவாதடி, ஒன்னையும் புடிச்சிருவாங்க." உதறிக்கொண்டு ஆபீஸுக்குள் போனேன்.

உள்ளே ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி. மொழிபெயர்க்க எங்கள் கிராணி, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர். பால்வெட்டுகிற பெண்ணுக்குப் பரீட்சை எதற்கு என்று முன்பு ஒருநாள் கேட்டவர். மூலையில் கையில் விலங்கோடு சின்னப்பன் அண்ணன்.

"பிள்ளை, நீ ஏன் இஞ்ச வந்தனீ? வீட்டை போ" என்றார் கிராணி.

"மரத்துல எழுதுனது நான்தான் ஐயா, பரீட்சப் பாடம். சொல்லுங்க அவர்கிட்ட."

கிராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. சொன்னார். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அம்பு ஏன் காட்டைக் காட்டுகிறது என்று கேட்டார். தென்மேற்குப் பருவக்காற்று வடகிழக்காகத்தான் வீசும், காடு அங்கே இருந்தால் காற்று என்ன செய்யும் என்றேன். மரத்தில் 'குகை' என்று எழுதியிருக்கிறதே, அது எங்கே என்று கேட்டார். பல்லவர் குடைந்தது, மகாபலிபுரத்தில் என்றேன். "அது இந்தியாவிலை, சேர்" என்று பதற்றத்தில் அவரிடமே தமிழில் சொல்லிவிட்டார் கிராணி.

"அவருக்கு எழுதத் தெரியாதுங்க, கைநாட்டு" என்றேன். அது உண்மைதான் என்று கிராணியும் சாட்சி சொன்னார்.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். பிறகு தீர்ப்பு. இப்போதே மலைக்கு, அதாவது என் நிரைகளுக்கு, போக வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டும். சொன்னதும் துடைத்துவிட வேண்டும். ஒரே ஒரு குறிக்கு விளக்கம் இல்லாவிட்டாலும் இரண்டு பேரும் செரம்பான் லாக்கப்.

போனோம். நான், அதிகாரி, கிராணி, வாளித் தண்ணீரும் தேங்காய் மட்டையுமாக ஒரு மலாய் கான்ஸ்டபிள், விலங்கோடு அண்ணன். நூற்றுச் சொச்சம் மரம். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று ஒப்பித்தேன். கிராணி இங்கிலீஷில் சொன்னார். மட்டையை நனைத்துத் தேய்த்தேன். முதலில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். பத்து மரம் தாண்டியதும் எனக்கே ரோஷம் வந்துவிட்டது. மரம் மரமாக மனப்பாடம் செய்த பாடம்... கேளய்யா, நன்றாகக் கேள் என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

மேட்டு நிரையின் கடைசி மரம். என் எழுத்தில் 'மலை'. அதற்குக் கீழே, கோணல்மாணலாக, இன்னொரு 'மலை'.

அது நான் எழுதியதில்லை.

திரும்பி அண்ணனைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு விளங்கிவிட்டது. மனிதர் காலையில் வெட்டும்போது, தன் சுண்ணாம்பை எடுத்து, என் எழுத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். கைநாட்டுக்காரர் எழுதின எழுத்து! எழுதத் தெரியாதவர் என்ற ஒரே நூலில்தான் அவர் விடுதலை தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதிகாரியும் பார்த்துவிட்டார். "இது வேறு கையெழுத்து" என்றார்.

"ரெண்டும் நான் எழுதுனதுதான். கீழ உள்ளது எடது கையால" என்றேன். "வலது கையில உளி பட்டுருச்சு." பால்வெட்டுகிறவள் கையில் உளி பட்ட தழும்புக்கா பஞ்சம்? காட்டினேன்.

அப்படியானால் இப்போது இடது கையால் எழுது என்றார்.

வாழ்க்கையில் இடது கையால் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. சுண்ணாம்பைத் தொட்டேன். அந்தக் காலத்து 'லை' உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். துதிக்கை வைத்த 'லை'. அண்ணன் அந்தத் துதிக்கையைத் தப்பான பக்கம் வளைத்திருந்தார். நானும் அப்படியே வளைத்தேன். மற்றக் கோணலையெல்லாம் இடது கை தானே பார்த்துக்கொண்டது.

அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கிராணியிடம் என்னவோ கேட்டார். கிராணி என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். எத்தனை சம்பளத்துக்கு அந்தக் கட்டைவிரலில் மை தடவியவர்... அவருக்கா தெரியாது? கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இங்கிலீஷில் நிதானமாகப் பதில் சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை. 'சேம்.'

"ம், நிண்டு பாக்கிறாய் என்ன? துடை" என்றார் என்னிடம்.

மூன்றையும் துடைத்தேன். ஓடையோரம் முடிந்தது. கலை வரலாறும் முடிந்தது. கடைசி நிரையில் கிராணியே "சரி, அடுத்தது சோழர்" என்று எடுத்துக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். விலங்கைக் கழற்றினார்கள்.

மூன்றாம் நாள் தேர்வு எழுதினேன். என்னைத் தண்டிக்க நினைத்தவர், நூறு மரத்தையும் சத்தமாக ஒரு தடவை ஒப்பிக்க வைத்துவிட்டார். எந்த டியூஷனில் கிடைக்கும் அப்படி ஒரு ரிவிஷன்? கேள்வியைப் பார்த்ததும் மரம் வந்தது, பதில் வந்தது. பாஸ்.

மலையிலிருந்து அன்று திரும்பி வந்தபோது, நானும் அண்ணனும் கொஞ்சம் பின்தங்கி நடந்தோம்.

"நான் எழுதுனேன்னு சொல்லியிருக்கலாம்ல அண்ணே? ஒங்களுக்குத் தெரியும்ல?"

"சொன்னா ஒன்னையில்ல புடிச்சிருப்பான்? ஒனக்குப் பரீச்ச இருக்கு."

விலங்கு அழுத்திய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நான் எழுதுனது... மலையாம்மா அது?"

"ஆமாண்ணே. மலை."

"ரெண்டே எழுத்து. அதுக்குள்ள அம்மாம் பெரிய மலைய அடக்கிப்புட்டாங்களா?"

முப்பது வருஷம் டீச்சராக விடைத்தாள் திருத்தியிருக்கிறேன்... அப்படி ஒரு வரியை எந்தத் தாளிலும் படித்ததில்லை.