மேற்கே கறுத்த மத்தியானம்

சித்திரை மாசத்து டவர் கம்பி... கிளவுஸ் போட்டிருந்தாலும் உள்ளங்கை வெந்துபோகும். கையை மாற்றி மாற்றி வைத்துத்தான் ஏறுவோம்.

திருச்சுழி பக்கம் செல்போன் டவரில் ஏறி ரிப்பேர் பார்க்கும் வேலை எனக்கு. என் தங்கச்சி செல்வியின் வீட்டுக்காரர் பாண்டியையும் நான்தான் அதில் சேர்த்துவிட்டேன். அவர் சேர்ந்தது ஐப்பசியில்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு மரியாதை உண்டு, பார்த்துக்கோங்க... கிழக்கே இருந்து சொல்லிவிட்டு வரும். நாள் முழுக்க ஒரே மூட்டம், ஒரே காற்று. கிழக்கே இருக்கிற நரிக்குடியில் நனைந்தால் கொஞ்ச நேரத்தில் நமக்கும் தூறும். அதனால் ஏறுவதற்கு முன்னால் நரிக்குடி டவர் வாட்ச்மேனுக்கு ஒரு போன். "மழையாண்ணே?" அவ்வளவுதான். அந்த மழைக்காலம் முழுக்க அது பொய்க்கவே இல்லை.

சித்திரையிலும் மாப்பிள்ளை அதே போனைத்தான் போட்டார்.

"பொட்டு மேகம் இல்லையாம் மச்சான். ஏறுவோம்."

எனக்கும் உறைக்கவில்லை. அவர் மேலே, நான் கொஞ்சம் கீழே.

மத்தியானம் காற்று சுத்தமாக நின்றுபோனது. திடீரென்று முதுகில் சில்லென்று ஒன்று அடித்தது... திரும்பினால் மேற்கே, அருப்புக்கோட்டைப் பக்கம், வானம் கன்னங்கரேல். அந்தத் திசையில் இருந்த டவர்கள் ஒவ்வொன்றாகப் புழுதிக்குள் மறைந்துகொண்டே வந்தன.

ஐயோ, கோடை மழைக்கு ஏது கிழக்கு!

டவர் ஆட ஆரம்பித்தது. கை முடியெல்லாம் குத்திட்டு நின்றது. கம்பிக்குள் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம்.

"எறங்குங்க மாப்ள!"

"கை வரமாட்டேங்குது மச்சான்..."

கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். செல்வி அப்போது முழுகாமல் இருந்தாள். அவள் மூஞ்சியில் எப்படி முழிப்பேன்? மறுபடி மேலே ஏறி, அவர் பெல்ட்டுக் கொக்கியை நானே கழற்றி, காலைப் பிடித்துப் படி படியாக வைத்து இறக்கினேன்.

ஜெனரேட்டர் ரூமுக்குள் போய் விழுந்தோம்... இடி விழுந்து கண்மாய்க்கரைப் பனை ஒன்று பளீரென்று பற்றி எரிந்தது.

வீட்டுக்குப் போனால் செல்வி கேட்கிறாள்: "என்னண்ணே ரெண்டு பேரும் தெப்பமா நனைஞ்சு வாரீக? இங்க ஒரு சொட்டு இல்லியே!"

கோடை மழை அப்படித்தான். ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் புழுதி பறக்கும். நடந்ததைச் சொன்னதும் அழுது தீர்த்துவிட்டாள்.

இப்போது எனக்கு மதுரையில் ஆபீஸ் வேலை. மாப்பிள்ளை இன்னும் ஏறுகிறார். போனில் வானிலை ஆப் இருக்கிறது. கார்த்திகையில் பெரும்பாலும் அது சொன்னபடி பெய்கிறது. சித்திரையில் 'இடியுடன் மழைக்கு வாய்ப்பு' என்று மாவட்டத்துக்கே பொதுவாகச் சொல்லிவிடுகிறது... எந்த டவருக்கு மேலே என்று யார் சொல்வது?

அடைமழையில்கூடப் பதறாத செல்வி, வெயில் கொளுத்தும் மத்தியானத்தில்தான் கூப்பிடுகிறாள்.

"அண்ணே, மேக்க இருட்டுது... அவுகளுக்கு அடிச்சுப் பாரேன். நான் அடிச்சா வையிறாக."

அடிப்பேன். எடுத்தால், "மேலதான் இருக்கேன் மச்சான்" என்பார். எடுக்காவிட்டால்...

அன்றைக்கு அவர் கால் என் கைக்கு எட்டியது. இப்போது மதுரையில் உட்கார்ந்து, ரிங் போவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.