நோட்ஸ் சொல்லக்கூடாத வகுப்பு

ஆளுக்கொரு எள்ளுருண்டை கொடுத்துவிட்டுத்தான் தயாளினி செய்முறை வகுப்பைத் தொடங்குவார். பல் பதியாத உருண்டை. "வாய்க்குள்ள போடுங்கோ. பிள்ளையள் வரப்போகினம். இது கரையுமட்டும் ஒருத்தரும் நோட்ஸ் சொல்லப்படாது."

வாங்கி வாயில் போடுகிறவர்கள் நூலகவியல் முதுமாணிப் பட்ட மாணவர்கள். இளையோரின் கற்றலுக்கு எப்படி உதவுவது என்று அவர்களுக்குப் பழக்க, சனிக்கிழமைகளில் வவுனியாவிலிருந்து புதுக்குடியிருப்பு நூலகத்துக்கு பஸ்ஸில் வருகிறார் தயாளினி. "வாயைப் பொத்துற பாடம்" என்பது இந்த வகுப்புக்கு அவர் வைத்த பெயர். ரியூசன் வகுப்புகளில் வளர்ந்து, ரியூசன் கொடுத்தே பட்டம் முடித்த கூட்டம் இது. பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் போதும், "எழுதுங்கோ, ஒண்டு..." என்று தொடங்கிவிடும். பிள்ளை எழுதிக்கொண்டு போகும். புத்தகம் தட்டிலேயே கிடக்கும்.

மதியத்தில் நூலகத்தைப் பூட்டத் தயாளினி விடமாட்டார். இரண்டு ரியூசனுக்கு நடுவில் பிள்ளைகள் வெயிலில் நிற்கும் நேரம் அது. பூட்ட வருகிறவர் தன்னைத் தாண்டிப் போகட்டும் என்று வாசற்படியில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்.

மாணவர்களில் ஒருவனான நிருஷன் போன தடவை பெயிலாகி விழுந்ததும் இந்தப் பாடத்தில்தான். "அருமையான நோட்ஸ், தம்பி. நானே எழுதியெடுத்தனான். பெயில்!" என்றிருந்தார் தயாளினி. இன்று மறுபரீட்சை. இதிலும் விழுந்தால் அவனுக்குப் பட்டம் இல்லை.

நாயாறு என்ற கடலோர ஊர்ப் பிள்ளை நிறஞ்சனா, பத்தாம் வகுப்பு, அவன் முன்னால் கொப்பியை விரித்தாள். "அண்ணா, ஆறு கடலோட சேருற வாயை மண் ஏன் மூடுது? கெதியாச் சொல்லுங்கோ, அடுத்த கிளாஸ் இருக்கு."

நிருஷனின் வாய் திறந்தது. யன்னலோரக் கதிரையில் தயாளினி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நீங்கள் அதைப் பாத்திருக்கிறீங்களோ?" என்றான் நிருஷன்.

"பாக்காமலோ! எங்கட வீட்டுக்கு முன்னாலதானே. மூடினால் அப்பா வள்ளத்தை மண்ணுக்கு மேலால இழுக்கவேணும்."

"எப்ப மூடுறது?"

"மாரி முடிய." அவளுடைய பேனை நின்றது. "அப்ப... ஆத்துத் தண்ணி குறைய, கடல் மண்ணைக் கொண்டந்து போடுதோ?"

"நான் அதைப் பாக்கேல்ல. புத்தகத்தில தேடுவமோ?"

அவள் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்தாள். அது இல்லை. இன்னொன்று. நிருஷன் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டான். மூன்றாவதைத் திறந்தவள் நின்றபடியே வாசிக்கத் தொடங்கினாள்.

வெளியே வவுனியா பஸ் கோர்ன் அடித்தது. "மிஸ், வாறீங்களோ? இதை விட்டா இனிப் பின்னேரம்தான்!" என்று கொண்டக்டர் கத்தினார். பரீட்சை முடியுமுன் அவர் எழுந்து போய்விடுவாரோ என்று நிருஷன் திரும்பிப் பார்த்தான். தயாளினி பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. யன்னலுக்கு வெளியே கையை மட்டும் நீட்டி, போகச் சொல்லி அசைத்தார்.